வகுப்பறையும் உடையும்



திருவண்ணாமலையில் இருந்துகொண்டு உடையைப் பற்றிப் பேசுவது சற்று இடர்ப்பாடான செயல். வேறோர் ஊரில் இப்பொருளை எடுத்துக்கொண்டால், 'ஆள் பாதி, ஆடை பாதி' என்ற பழமொழியைச் சொல்லித் தொடங்கி, துவைத்த சட்டையின் பெருமையைச் சிறிது நேரம் எடுத்துரைத்து, வணக்கம் கூறி விடைபெற்றுக்கொள்ளலாம். இவ்வூரில் அது செல்லாது. மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் ஒருநாள் மாலை நடந்து பாருங்கள். காவி உடுத்தியோர் மரத்தடிகளில் அமர்ந்திருப்பர். இடையில் ஒரு துண்டு மட்டும் கட்டிய முதியவர் ஒருவர் எதிரே வருவார். தொலைநாட்டிலிருந்து வந்த ஒருவர், வேட்டி எங்கே நழுவிவிடுமோ என்ற அச்சத்துடன் ஒரு கையால் அதைப் பற்றிக்கொண்டு நடப்பார். முழுநிலா நாளிலோ பட்டும் கந்தலும் தோளோடு தோள் உரசிச் செல்லும். எவரும் எவருடைய ஆடையையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இத்தகைய ஊரில் பயிலும் ஒரு மாணவன், வகுப்பில் ஒழுங்காக உடுத்தி வரவேண்டும் என்று ஆசிரியர் சொல்லும்போது, இவ்வாறு கேட்கக்கூடும்: "ஐயா, இவ்வூரை உலகம் அறியச் செய்த பெருமகன் 50 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கோவணத்துடன் வாழ்ந்தவர். படித்தவரும் பதவியில் இருந்தவரும் அவர் முன்னே தரையில் அமர்ந்தார்கள். அவ்வாறிருக்க, என் சட்டையின் பொத்தான் ஒன்று இல்லாமற்போனால் எந்தக் கல்வி கெட்டுவிடும்?"

கேள்வி குறும்பானதுதான். ஆனால் பொருளற்றதன்று. குறும்பான கேள்விகளை அதட்டி அடக்குவது ஆசிரியர்க்கு எளிது. விடை சொல்வதே கடினம். ஆகவே அக்கேள்வியிலிருந்தே நாம் தொடங்குவோம்.

இரமண மகரிஷி என்று பின்னாளில் போற்றப்பட்ட வேங்கடராமன், மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற மாணவர். 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், பெயின் என்பவரின் ஆங்கில இலக்கண நூலிலிருந்து ஒரு பகுதியை மூன்று முறை எழுதும்படி விதிக்கப்பட்ட தண்டனையை வீட்டில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு முறை எழுதியாயிற்று. மூன்றாம் முறைக்கு முன் ஏட்டை ஒதுக்கி வைத்தார். பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று தமையனிடம் சொல்லிவிட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 16. செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அண்ணாமலையார் திருமுன் நின்று வணங்கினார். பின் அய்யங்குளக் கரையில் தலையை மழித்துக்கொண்டு, உடுத்திருந்த வேட்டியிலிருந்து கோவணத்துக்கு வேண்டிய அளவு கிழித்துக்கொண்டார். எஞ்சிய துணியையும் கையிலிருந்த பணத்தையும் பூணூலையும் எறிந்துவிட்டார். 1950 ஏப்ரல் 14-இல் மறையும்வரை அந்த எளிய உடையை அவர் மாற்றவில்லை.

இவ்வரலாற்றில் ஒரு நிரல் இருக்கிறது. அதனை நம் மாணவ நண்பர் கவனிக்கவில்லை. அவர் முதலில் துறந்தது வகுப்பை. வேட்டியைத் துறந்தது அதற்குப் பின்னர். வகுப்பு, வீடு, பணம், குலச்சின்னம் என்று ஒவ்வொன்றாகக் கழன்ற பின்பே ஆடையும் கழன்றது. பணத்தையும் வைத்துக்கொண்டு, மதிப்பெண்ணையும் எதிர்பார்த்துக்கொண்டு, பொத்தானை மட்டும் துறப்பது துறவில் எந்த வகை என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. மலைமேல் வாழ்ந்த நாட்களில் அவருடைய கோவணம் கிழிந்துவிட்டது. எவரிடமும் எதையும் கேட்கும் வழக்கம் அவருக்கில்லை. ஊசிக்கும் நூலுக்கும் எங்கே போவது? ஒரு முள்ளை எடுத்து, அதில் துளையிட்டு, அந்தக் கோவணத்திலிருந்தே ஓர் இழையை உருவி அதில் கோத்து, கிழிசலைத் தைத்துக்கொண்டார். தைத்த இடம் பிறர் கண்ணில் படாதபடி மடித்து உடுத்திக்கொண்டார். பின்னாளில் அவரே அன்பர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார்; ஆசிரமத்தார் நூலில் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. உலகில் ஒன்றும் வேண்டாதவர், உடலையே தாமென்று கருதாதவர், கிழிந்த துணியைத் தைத்திருக்கிறார். தைத்ததை மறைத்து மடித்திருக்கிறார். எளிமை வேறு, அசட்டை வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் காட்டியதில்லை. இன்று நகரத்துக் கடைகளில் முழங்காலில் கிழித்துவைத்த நீலக் கால்சட்டைகள் விற்பனைக்கு வருகின்றன; கிழிசலுக்கென்று கூடுதல் விலையும் உண்டு போலும்! அது இளைஞரின் விளையாட்டு. அதனால் நாடு கெட்டுவிடாது. ஆனால் அண்ணாமலையின் கோவணத்தை அதற்குச் சான்றாக அழைக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன்.

காந்தியடிகளையும் சிலர் இதே வகையில் சான்றுக்கு அழைப்பர். 1921 செப்டம்பர் 22-இல் மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில் அவர் முழு உடையை நீக்கி, முழங்காலளவு துண்டை ஏற்றார் என்பது நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்ததே. அயல்நாட்டுத் துணியை விலக்குங்கள் என்று சொன்னபோது, கதர் வாங்க எங்களிடம் பணமில்லை என்று ஏழை மக்கள் சொன்னார்கள். அந்த மறுமொழி அவரை உறுத்தியது. அவர் குறைத்துக்கொண்ட ஆடை, இல்லாதவரோடு தம்மைச் சேர்த்துக்கொள்வதற்காகக் குறைத்த ஆடை. ஆனால் அதே காந்தி, 1888-இல் சட்டம் பயில இலண்டன் சென்ற மாணவராக இருந்தபோது எவ்வாறு உடுத்தினார் தெரியுமா? பாண்டு தெருவில் 10 பவுன் கொடுத்து மாலைநேர உடை தைத்துக்கொண்டார். உயரமான தொப்பி வாங்கினார். நாள்தோறும் பெரிய நிலைக்கண்ணாடி முன் 10 நிமிடம் நின்று கழுத்துப்பட்டை கட்டவும் தலைவாரவும் செலவிட்டார். இவற்றையெல்லாம் அவரே தம் தன்வரலாற்றில் நகைச்சுவையுடன் எழுதியிருக்கிறார். அந்த மோகம் மூன்று மாதம் நீடித்ததாம். அதன்பின் நடனமும் வயலினும் போயின. உடையில் கவனம் மட்டும் பல ஆண்டுகள் இருந்தது. 1931-இல் அரைத்துண்டுடன் இலண்டன் அரண்மனைக்குள் சென்றவர், ஆடை என்பது என்னென்ன பேசும் என்பதை நன்கு கற்றறிந்த பின்னரே சென்றார்.

சரி, பெரியோரை விடுவோம். நாம் துறவியருமல்லர், நாட்டின் தலைவருமல்லர். காலை ஒன்பது மணிக்குப் புத்தகப்பையுடன் பேருந்துக்கு ஓடுபவர்கள். நமக்கு உடை எதற்காக?

உடை திருத்தமாக இருந்தால் அறிவு கூர்மையாகும் என்று சிலர் சொல்வர். இதனைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரே வகையான வெள்ளை அங்கியைச் சிலருக்கு மருத்துவர் அங்கி என்றும் சிலருக்கு ஓவியர் அங்கி என்றும் சொல்லி அணிவித்தனர். மருத்துவர் அங்கி என்று எண்ணி அணிந்தவர்கள், கவனத்தைச் சோதிக்கும் தேர்வில் மேம்பட்டு நின்றனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் 2019-இல் வேறு ஆய்வாளர்கள் அக்கட்டுரையின் முதற் சோதனையை இன்னும் மிகுதியான ஆட்களை வைத்துச் செய்தபோது, அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆகவே, நன்கு உடுத்தினால் மதிப்பெண் கூடும் என்று நான் உங்களுக்கு உறுதிமொழி தரப்போவதில்லை. அழுக்குச் சட்டையுடன் வந்து கணக்கில் முதல்வனாக நிற்கும் மாணவரையும், மடிப்புக் கலையாத சட்டையுடன் வந்து வாய்பாட்டில் தடுமாறும் மாணவரையும் எல்லா ஆசிரியரும் கண்டிருப்பர்.

பின் எதற்காக? வகுப்பறை ஒருவருக்கு மட்டும் உரிய இடமன்று என்பதற்காகவே. ஒரு பலகையில் மூவரும் நால்வரும் நெருங்கி அமர்ந்து, நாள் முழுதும் ஒரே காற்றைச் சுவாசிக்கும் இடம் அது. சித்திரை, வைகாசி வெயிலில் திருவண்ணாமலைப் பாறை எவ்வளவு காயும் என்பது உங்களுக்குத் தெரியும். மலை பகலில் வாங்கிய வெப்பத்தை மாலைவரை ஊருக்குத் திருப்பித் தரும். அந்நாட்களில் நேற்றைய வியர்வை காய்ந்த சட்டையுடன் ஒருவன் வந்து அமர்ந்தால், பக்கத்தில் இருப்பவனுக்குப் பாடத்தில் மனம் எவ்வாறு செல்லும்? 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று நம் முன்னோர் சொன்னார்கள். கந்தை என்பதை அவர்கள் குற்றமாகக் கொள்ளவில்லை. கசக்காததையே குற்றமாகக் கொண்டார்கள். புதியது, விலையுயர்ந்தது, நாகரிகமானது என்ற சொற்களில் ஒன்றுகூட அப்பழமொழியில் இல்லை.

வெயிலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. ஆகவே ஒன்று சொல்லிவிடுகிறேன். சில தனியார் பள்ளிகளில் இந்த வெயிலிலும் குழந்தைகளின் கழுத்தில் டை கட்டி, காலில் கனத்த சப்பாத்தும் உறையும் மாட்டி அனுப்புகிறார்கள். குளிர்நாட்டில் ஒருவர் கழுத்தைக் காக்கக் கட்டிய துணி, இங்கே எதைக் காக்கிறது? பெற்றோருக்குப் பெருமையாக இருக்கிறது என்பார்கள். பெருமைப்படுவோர் நிழலில் இருக்கிறார்கள், வியர்ப்பவர் குழந்தை. தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத உடையை ஒழுங்கான உடை என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இனிச் சீருடைக்கு வருவோம். இதன் பழைய வரலாறு வியப்பானது. இலண்டனில் 1552-இல் கிறைஸ்ட்ஸ் ஆஸ்பிட்டல் என்ற பள்ளி ஏழைக் குழந்தைகளுக்கென்று நிறுவப்பட்டது. அக்குழந்தைகளுக்கு நீண்ட நீல அங்கி கொடுத்தார்கள். அந்த அங்கியைத் தெருவில் கண்டால், இவன் பிறர் கொடையில் வளர்பவன் என்று ஊரார் அறிந்துகொள்வர். ஆகச் சீருடை என்பது தொடக்கத்தில் செல்வர் பள்ளியின் அணிகலனாக இருக்கவில்லை. வறுமையின் அடையாளமாக இருந்தது. அப்பள்ளி இன்றும் நடக்கிறது. அந்த நீல அங்கியும் மறையவில்லை. இப்போது அதனை அணிவோர் பெருமையுடன் அணிகிறார்கள். துணி மாறவில்லை, பார்ப்பவர் கண் மாறிவிட்டது.

நம் நாட்டில் சீருடை நேர் எதிர்த் திசையில் வந்தது. வறியவரை அடையாளம் காட்டுவதற்காக அன்று. அடையாளம் தெரியாமற் செய்வதற்காக. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கிற்று. பசி ஒரு தடை என்று கண்டவர்களுக்கு, உடுக்க உடையில்லாமை இன்னொரு தடை என்பது விரைவில் விளங்கியது. கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். கரும்பலகை, நாற்காலி, கட்டடம் என்று ஊரார் பள்ளிக்குக் கொடுத்தார்கள். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சீருடையும் அந்த வரிசையில் சேர்ந்தது. மிராசுதார் மகனும் அவர் நிலத்தில் உழைப்பவர் மகனும் ஒரே நிறத்தில் அமர்ந்தால், குறைந்தது அந்த ஆறு மணி நேரமாவது யார் யாரென்று துணி காட்டிக்கொடுக்காது என்பது அதன் உட்கருத்து. 1985 முதல் அரசே விலையின்றிச் சீருடை வழங்கும் திட்டம் வந்தது. 2012-13 கல்வியாண்டு முதல், சத்துணவு உண்ணும் எட்டாம் வகுப்புவரையிலான மாணவர்க்கு ஆண்டொன்றுக்கு நான்கு இணைச் சீருடை என்று அது விரிந்தது.

நான்கு என்ற எண்ணைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். ஓர் இணை மட்டும் உடைய வீட்டில் நாள்தோறும் என்ன நடக்கும் என்று பாருங்கள். மாலையில் வந்ததும் கழற்ற வேண்டும். இரவில் துவைக்க வேண்டும். விடியுமுன் உலர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது உலராது. ஈரச் சட்டையுடன் போவதா, வீட்டிலேயே நின்றுவிடுவதா என்பதுதான் அப்போது குழந்தையின் முன் நிற்கும் கேள்வி. ஜவ்வாது மலைமேல் குளிரும் சேர்ந்துகொள்ளும். ஒழுங்காக உடுத்தி வருக என்ற கட்டளை எளிதாக வாயில் வந்துவிடுகிறது. அதனை நிறைவேற்ற வீட்டில் ஓர் இரண்டாம் சட்டை வேண்டும், தண்ணீர் வேண்டும், ஒரு துண்டு சவர்க்காரம் வேண்டும், துவைக்க ஒரு தாய்க்கு நேரம் வேண்டும்.

அந்தத் துணி வருகின்ற வழியையும் அறிந்துகொள்ளுங்கள். கைத்தறி, விசைத்தறி நெசவாளர் சங்கங்கள் நெய்கின்றன. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களைச் சார்ந்த பெண்கள் தைக்கிறார்கள். நம் மாவட்டம் நெசவறியாத மாவட்டமன்று. ஆரணிப் பட்டை அறியாதவர் யார்? ஆனால் இவ்வூரில் எல்லாத் துணியையும்விட உயர்ந்த இடத்துக்குச் செல்வது பட்டன்று. கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில், நெய்க் கொப்பரையில் திரியாக எரிவது ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட வெறுங் காடாத்துணி. இது தலைப்புக்குப் புறம்பான செய்திதான். எனினும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

நாடாளும் வேந்தனுக்கும் காட்டில் வேட்டையாடித் திரியும் எளியவனுக்கும் உடல் கேட்கும் துணி ஒரே அளவினதே என்ற கருத்தை, நக்கீரர் புறநானூற்றில் பாடிச் சென்றிருக்கிறார். உடல் கேட்பது அவ்வளவே. ஆனால் ஊர் கேட்பது வேறு. ஊர் துணியை வைத்து ஆளை அளக்கிறது. சில காலங்களில் ஆளை அளந்து துணியைப் பறித்தும் இருக்கிறது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியாக இருந்தது. அங்கே தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மேலாடையால் மறைக்கக் கூடாது என்பது வழக்கமாக வைக்கப்பட்டிருந்தது. மிஷன் பள்ளிகளில் பயின்று, குப்பாயம் அணிந்து வெளியே வந்த பெண்கள் தெருவிலும் சந்தையிலும் தாக்கப்பட்டனர், ஆடை கிழிக்கப்பட்டது. 1820-கள் தொடங்கி அலையலையாக நடந்த அந்தத் தோள்சீலைப் போராட்டத்தின் விளைவாக, 1859 ஜூலை 26-இல் மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார். அப்போதும், மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்று அதில் ஒரு வரம்பு இருந்தது! ஒரு முழத் துணிக்காக ஏறத்தாழ 40 ஆண்டுகள். உடை அற்பப் பொருள், அதைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்போர் இந்தப் பெண்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

அண்மைக்கு வந்தாலும் வழக்குகள் ஓயவில்லை. 2014 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், வேட்டி கட்டிச் சென்ற காரணத்தால் ஒரு மன்றத்தின் வாயிலில் தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே வேட்டிக்குத் தடை விதிக்கும் மன்றங்களின் உரிமத்தை நீக்கவும் தண்டிக்கவும் வழிசெய்யும் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தன் ஊரில் தன் உடையில் நுழைய ஒரு தமிழனுக்குச் சட்டம் தேவைப்பட்டது! 2016 சனவரி முதல் நாளிலிருந்து கோயிலுக்குள் இன்ன உடையே அணிய வேண்டும் என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஓர் ஆணை நடைமுறைக்கு வந்தது. அம்மாதமே மேல் அமர்வு அதனை நிறுத்திவைத்தது. ஒழுங்கான உடை எது என்பதில் கற்றறிந்த நீதிபதிகளே ஒத்துப்போகாதபோது, பதினைந்து வயது மாணவனை ஆசிரியர் சற்றுப் பொறுமையோடுதான் பார்க்க வேண்டும்.

ஆயினும் பொறுமை காட்டக்கூடாத ஓர் இடம் உண்டு. தென் மாவட்டங்களில் சில பள்ளிகளில் மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டி வருகிறார்கள். சிவப்பும் மஞ்சளும், பச்சையும் காவியும். அது அழகுக்காக அன்று; நான் இன்ன சாதி என்று சொல்வதற்காக. சீருடை மறைத்துவைத்ததை மணிக்கட்டு சொல்லிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சமூகத்தைச் சார்ந்த ஒரு மாணவரை அவருடன் ஒரே பள்ளியில் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டார். அதன்பின் அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றை மாணவர் பள்ளிக்கு அணிந்துவரத் தடை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. நெற்றிக்குறியைப் பற்றிய பகுதி எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. சமய நம்பிக்கையையும் சாதிச் செருக்கையும் ஒரே கூடையில் போடலாமா என்று கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே எண்ணுகிறேன். ஆனால் கயிற்றைப் பற்றி எனக்கு ஐயமில்லை. இரத்தம் கசிந்த பின்னும் அதனை வெறும் நூல் என்று சொல்ல முடியாது.

மாணவியர்க்கு ஒரு சொல். உடை ஒழுங்கு என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது பெரும்பாலும் உங்கள் பக்கமே திரும்பிவிடுகிறது. மாணவனின் சட்டையைப் பற்றி ஒரு விதி இருந்தால், மாணவிக்கு ஐந்து இருக்கும். துப்பட்டாவை இருபுறமும் ஊக்கு குத்தி நிறுத்த வேண்டும். அதன்மேல் ஓர் அங்கி வேண்டும். தலைமுடி இரண்டு சடையாக மடித்துக் கட்டப்பட வேண்டும். இவற்றுக்குக் காரணம் கேட்டால், மற்றவர் பார்வை கெட்டுவிடும் என்பர். கெடும் பார்வை யாருடையதோ அவருக்கன்றோ விதி செய்ய வேண்டும்? சுத்தம், பொருத்தம், வேலைக்கு ஏற்ற தன்மை ஆகியவை இருபாலர்க்கும் ஒன்றே. வேதியியற் கூடத்தில் தொங்கும் துணியும் அவிழ்ந்த கூந்தலும் நெருப்பைத் தொடும். ஆகவே கட்டிக்கொள்க என்றால் அது காரணமுள்ள விதி. தாவணி சக்கரத்தில் சிக்குகிறதே என்று சைக்கிள் ஓட்டும் பெண்கள் பட்ட பாட்டைச் சுடிதார் தீர்த்து வைத்தது. அன்று அதையும் சிலர் நாகரிகக் கேடு என்றார்கள்.

கல்லூரி மாணவர்களாகிய உங்களில் பலருக்குச் சீருடை இல்லை. எதை உடுத்துவது என்பதை முதன்முறையாக நீங்களே முடிவு செய்கிறீர்கள். அது ஓர் உரிமை, நன்றாகவே பயன்படுத்துங்கள். நிறமும் வேண்டும், அழகும் வேண்டும். இளமையில் உடுத்தாமல் எப்போது உடுத்துவது? பக்கத்தில் அமர்ந்திருப்பவர் செய்யாறு பக்கத்துச் சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவராக இருக்கலாம். வாரத்துக்கு இரண்டே உடையை மாற்றி மாற்றி அணிபவராக இருக்கலாம். "இதே சட்டைதானா?" என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டுவிடுகிறோம். கேட்டவர் மறந்துவிடுவார். கேட்கப்பட்டவர் மறுநாள் வருவதற்கு முன் கண்ணாடி முன்னே நெடுநேரம் நிற்பார். சிலர் வராமலே நின்றுவிடுவார்கள்.

ஆசிரியர்களும் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சீருடை இல்லாமல் வந்த மாணவனை வாயிற்படியில் நிறுத்துவதும், மற்றவர் முன் காரணம் கேட்பதும் நம் பள்ளிகளில் இன்னும் மறையவில்லை. இருந்தும் அணியாமல் வருபவனும் இல்லாமல் வருபவனும் ஒருவரல்லர். முன்னவனைக் கண்டிக்கலாம். பின்னவனை வெளியே நிறுத்தினால், சீருடை எதற்காக வந்ததோ அந்தக் காரணத்தையே வெளியே நிறுத்துகிறோம்.

ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சிறு அலமாரி வைக்கலாம். மேல்வகுப்புக்குச் செல்வோர்க்குச் சிறுத்துப்போன சீருடைகள் வீட்டில் வீணே கிடக்கின்றன. அவற்றைத் துவைத்து வாங்கி, அளவுவாரியாக மடித்து அதில் வைக்கலாம். கூடவே ஓர் ஊசி, வெள்ளையும் நீலமுமாக இரண்டு நூற்கண்டு, ஒரு டப்பா நிறையப் பொத்தான். திறவுகோல் தலைமையாசிரியரிடம் இருக்க வேண்டாம். அலுவல் மேசைவரை நடந்து சென்று கேட்கும் துணிவு எல்லாக் குழந்தைக்கும் வராது. குழந்தைகள் அஞ்சாமல் பேசக்கூடிய ஆசிரியை ஒருவரிடமோ, ஆயா அம்மாளிடமோ இருக்கட்டும். கொடுக்கும் நேரத்தையும் பார்த்துக் கொடுக்க வேண்டும்: காலை வணக்கக் கூட்டத்தில் அன்று, மற்றவர் விளையாட்டுத் திடலுக்குப் போன பின்பு, பெயரை ஏட்டில் எழுதாமல்.